ஹேமா அக்காவின் பாட்டில் ஐஸில்தான் இருந்தது

செய்தியை அப்பாதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சங்கரா மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "நம்ம மாடில இருந்துச்சே தண்ணி டீச்சரு, அது பூட்ச்சாம். செங்கல்பட்டுல. இன்னா காய்ச்சலோ தெரியல" என்றார்.

அம்மா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். முப்பது வயசுகூட ஆகவில்லையே என்றாள். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்பது மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவர் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார். நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

மறுநாள் அம்மாவின் போனுக்கு, இறந்துபோன அந்தத் தண்ணி டீச்சரின், ஹேமா அக்காவின், எண்ணிலிருந்தே ஒரு செய்தி வந்தது. ஒரு நொடி, அப்பா சொன்னது பொய் என்று நினைத்துவிட்டேன். அக்காவுடன் ஆராய்ச்சி செய்த தோழி ஒருவர், அந்தப் போனில் இருந்த எல்லா எண்களுக்கும் அனுப்பியிருந்தார். அக்காவோடு வேலை செய்த நீங்கள் எல்லோரும் வரும் ஞாயிறு செங்கல்பட்டில் கூடுகிறீர்கள் என்றும், தெரிந்தவர்கள் இரண்டொரு பக்கம் எழுதித் தந்தால் சேர்த்துக் கட்டி அக்காவின் அம்மாவிடம் கொடுக்கப்போவதாகவும் அதில் இருந்தது. அம்மாவுக்கு அவ்வளவு நீளமாகப் படிக்கும் பழக்கம் இல்லை. நான்தான் படித்தேன். என்ன செய்தி என்று கேட்டபோது, அக்கா இறந்ததைச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

உங்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரையை ஒட்டி இருக்கும் குப்பத்தில், ஹேமா அக்கா ஆறு மாதம் குடியிருந்த வீட்டுக்காரரின் மகள் நான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். இதை அடுக்களையில் உட்கார்ந்து, வேதியியல் நோட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். எல்லோரும் தூங்குகிறார்கள். அப்பா நாலு மணிக்கு எழுந்து மீன் வாங்கப் போவார். அதற்குள் முடிக்க வேண்டும். அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அதனால் பயம் குறைந்துவிடவில்லை.

அக்காவைப் பற்றி நீங்கள் எழுதப்போவதில் ஒரு இடத்தை மட்டும் எல்லோரும் தொடாமல் தாண்டிப் போவீர்கள் என்று நினைக்கிறேன். போன வருடம் மே மாதம் எங்கள் கரையில் அவர் எதையோ தப்பாகப் பார்த்துவிட்டு ஊரையே கலவரப்படுத்தினார் என்பதுதான் அந்த இடம். இறந்தவரைப் பற்றி அதை எதற்குச் சொல்வது என்று விட்டுவிடுவீர்கள். அப்படி விட வேண்டாம். அவர் தப்பாகப் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதை மட்டும் சொல்லிவிட்டால் அவரைப் பற்றி எழுதியதாக ஆகாது. ஆகவே வந்ததிலிருந்து சொல்கிறேன்.

டிசம்பரில் எங்கள் மாடி அறைக்கு வந்தார். ஒரு நுண்ணோக்கி, இரண்டு பெட்டி நிறைய பாட்டில்கள், சல்லடைத் துணியில் தைத்த நீளமான கூம்பு வலை ஒன்று. இவ்வளவுதான் அவர் சாமான். வந்த மூன்றாம் நாள் ஃபைபர் படகில் கடலுக்குள் போனார். திரும்பி வந்தபோது இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். போனதிலிருந்து வாந்தி. மீன் வாங்கக் காத்திருந்த பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். "இன்னாமே, கடலே உனுக்கு ஒத்துக்கல. நீ கடல படிக்க வந்துகீறியா?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா மணலில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டே, "அதுக்குத்தான் என்னப் புடிக்கல. எனக்கு அதப் புடிச்சிருக்கு. ரெண்டு பேருக்கும் புடிச்சாத்தான் படிக்கணுமா?" என்றார். அவர்கள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அன்றைக்குத்தான் தண்ணி டீச்சர் என்ற பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் இல்லை என்று அவர் எத்தனை முறை சொல்லியும் அது மாறவில்லை.

அவருடைய ஊர் செங்கல்பட்டைத் தாண்டி உள்ளே, நெல் விளைகிற ஊர். மீனில் முள் எடுக்கத் தெரியாது. அம்மா எடுத்துக் கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுவார். "இந்தக் கையால பாட்டில் பாட்டிலா தண்ணி மொள்ளத் தெரியுது, ஒரு முள்ளு எடுக்கத் தெரியல" என்று அம்மா திட்டிக்கொண்டே எடுப்பாள்.

அவர் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்க விரும்பவில்லை. நீங்கள் அவரோடு வேலை செய்தவர்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் அவருக்குக் கை ஓடாது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க மாடிப்படியில் உட்காருவேன். படிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "வந்து பாத்துட்டுப் போயிடு. தொடாத" என்றார். பார்த்தேன். நுண்ணோக்கிக்குள் கண்ணாடியில் செதுக்கின மாதிரி ஒரு குட்டிப் பெட்டி தெரிந்தது. நான் என்னவென்று கேட்பதற்குள், "பேரு கேக்காத. மொதல்ல என்ன தெரியுதுன்னு சொல்லு. பேரு அப்புறம்" என்றார். யாரிடமும் அவர் அதைத்தான் சொல்வார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அது ஒரே ஒரு செல்லால் ஆன பாசி. சோப்பு டப்பா மாதிரி மேல்மூடி ஒன்றும் அடிப்பகுதி ஒன்றுமாக, கடல்நீரில் கரைந்திருக்கும் மணற்சத்தை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கண்ணாடியால் கட்டிக்கொள்கிறது. இரண்டாகப் பிரியும்போது ஒன்று மூடியை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று அடிப்பகுதியை எடுத்துக்கொள்ளும். தனக்குக் கிடைத்ததை இரண்டுமே மூடியாக வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி புது அடிப்பகுதியைச் செய்யும். இதை அவர் வேண்டா வெறுப்பாகத்தான் சொன்னார். அப்படியென்றால் அடிப்பகுதியை எடுத்துக்கொண்ட பக்கம் தலைமுறைக்குத் தலைமுறை சின்னதாகிக்கொண்டே போகுமே, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போய்விடாதா என்று கேட்டேன். அவர் திரும்பி முதல்முறையாக என்னைச் சரியாகப் பார்த்தார். "கணக்குல எவ்ளோ மார்க்கு நீ?" என்றார். சொன்னேன். "அதப் பாத்தா இத யோசிக்கிற ஆளு மாதிரி தெரியலியே" என்றார். பிறகு, ஒரு அளவுக்குக் கீழே போனதும் அது பெட்டியையே உதறிவிட்டு, வெறும் உடம்போடு ஊதிப் பெருத்து, பழைய அளவில் புதுப்பெட்டி கட்டிக்கொள்ளும் என்று சொன்னார். அன்றிலிருந்து படியில் உட்கார்ந்திருந்த என்னை அவர் விரட்டவில்லை.

அவர் வந்த வேலை அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்காக இல்லை. கவசம் போட்ட இன்னொரு வகைக்காக. அதுவும் ஒரே செல்தான். அதன் உடம்பெங்கும் தட்டுத் தட்டாகக் கவசம் இருக்கும், ஃபுட்பாலில் துண்டு துண்டாக ஒட்டியிருப்பதுபோல. அந்தத் தட்டுகளுக்கும் மேலே மெல்லிய தோல் ஒன்று உண்டு. தோலுக்கு அடியில் தட்டையான பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு தட்டு உருவாகிறது. மரத்தில் இருக்கிறதே நார்ச்சத்து, அதே பொருள். செல் பெரிதாகும்போது தட்டுகள் ஓரத்தில் வளர்ந்து கொடுக்கும். இரண்டாகப் பிரியும்போது சில வகைகளில் கவசமும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். "பாதி சட்டை அம்மா போட்டது. மீதிப் பாதிய தானே தச்சுக்கணும்" என்று அக்கா சொன்னார். எந்தத் தட்டு எங்கே இருக்கிறது, ஒரு தட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் ஒன்றும் செய்யாத வகையையும் விஷமுள்ள வகையையும் பிரிக்கிறார்கள். விஷமுள்ளது அதிகமானால், அதைத் தின்னும் சிப்பி வகையான மட்டிக்குள் விஷம் சேரும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது. அதைச் சாப்பிடுகிறவருக்கு உதடும் விரலும் மரத்துப்போகும். அளவு மிஞ்சினால் மூச்சே நிற்கும். கவசத்தைப் பார்க்காமல் பெயர் சொல்ல முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

மே மாதம் அந்த நாளில், பாறைகளுக்குப் பக்கத்தில் தண்ணீர் செம்பழுப்பாகக் கோடு கோடாக ஓடியது. அக்கா பகல் பதினோரு மணிக்கு வலை போட்டுத் தண்ணீர் எடுத்து வந்தார். மாடி வராந்தாவில் நுண்ணோக்கி வைத்திருந்தார். எனக்கு விடுமுறை. படியில் இருந்தேன். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. துளியை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஏதோ எண்ணினார், வரைந்தார், மறுபடி எண்ணினார். போனைக் கண்ணாடியில் வைத்துப் படம் எடுத்தார். அவசரத்தில் எல்லாம் கலங்கலாகவே வந்தது. பிறகு செருப்புகூடப் போடாமல் இறங்கி, மட்டி பிரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் போனார். நாலைந்து நாள் மட்டி எடுக்க வேண்டாம், சாப்பிட வேண்டாம், விற்க வேண்டாம், மீனுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார். பின்னால் நின்று நானும் கேட்டேன். மீனுக்கு ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை சொன்னார். ஆனால் மூன்று மணிக்குள் எல்லோர் போனிலும் கடலில் விஷம் என்று ஓடியது. கேளம்பாக்கத்திலிருந்து சரக்கு எடுக்க வந்த வண்டி காலியாகத் திரும்பியது. அப்பாவின் வியாபாரமே மீனும் மட்டியும்தான்.

எடுத்த தண்ணீரில் உடனே அயோடின் விட வேண்டும். அப்போதுதான் செல்கள் கவசத்தோடு அப்படியே நின்றுபோகும். அக்காவின் அயோடின் பாட்டில் காலி. முந்தின வாரமே வாங்கி வந்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். பேராசிரியருக்குப் போன் செய்தார். மறுநாள் காலை அவரே மீன்வளத் துறை அதிகாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அக்கா செங்கல்பட்டு போய் அயோடின் எடுத்துக்கொண்டு அவர்களோடு திரும்புவதாக முடிவானது. பாட்டிலையும் எடுத்துப் போகலாமே என்று கேட்டேன். "பஸ்ல இந்த வெயில்ல குலுங்கிகினே போனா வெந்துடும்" என்றார். பாட்டிலை வராந்தா மூலையில் வைத்தார். "நிழல்லயே கெடக்கட்டும். மூடிய இறுக்காதீங்க. யாரும் தொட வேணாம்" என்று அம்மாவிடமும் என்னிடமும் சொல்லிவிட்டு, திருப்போரூர் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அன்று மதியம் எங்கள் வீட்டில் மட்டிக் குழம்பு. அக்கா சொல்வதற்கு முன்பே அம்மா சாப்பிட்டிருந்தாள். நானும் அப்பாவும் சாப்பிடவில்லை. ஐந்து மணிக்கு அம்மா உதட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உதடு யாரோடதோ மாதிரி கீதுடி" என்றாள். விரல் நுனியும் அப்படித்தான் என்றாள். நான் அப்பாவைக் கூப்பிட எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அப்பாகிட்ட சொல்லாத. சொன்னா அந்தப் பொண்ணு சொன்னது நெசம்னு ஆயிடும்" என்றாள். இரவு முழுக்க அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். விடிந்தபோது மரப்பு போயிருந்தது. பித்தம் என்று சொல்லிவிட்டாள்.

இனி எழுத வேண்டியதை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்டு போனது. மாடி வராந்தாவுக்கு மேலே தகரக் கூரை. நான் மேலே போனபோது அனல் அடித்தது. பாட்டிலைத் தொட்டேன், சுட்டது. வெந்துடும் என்று அக்கா சொன்னது காதிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் கடலிலிருந்து வந்த எதையும் கெடாமல் வைக்க ஒரே வழிதான் உண்டு. இறால், கணவாய், வஞ்சிரம், எதுவானாலும் ஐஸ். யாரையும் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, ஐஸை ஒதுக்கி, பாட்டிலைக் கழுத்துவரை புதைத்து மூடினேன். ரொம்ப நல்ல காரியம் செய்ததாக நினைத்தேன். ஐஸில் வைக்காதே என்று அக்கா எங்களிடம் சொல்லவில்லை. உங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

விடியற்காலை நாலரைக்கு அப்பா பெட்டியைத் திறந்தார். தின்கிற சரக்கு வைக்கிற பெட்டியில் மருந்து பாட்டிலை வைப்பதா என்று என்னை எழுப்பித் திட்டினார். பாட்டிலில் ஐஸ் தண்ணீர் சொட்டியது. தோளில் கிடந்த துண்டால் துடைத்து, மேலே கொண்டுபோய்ப் பழைய மூலையில் வைத்தார். அப்போது அவருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. அக்கா, பேராசிரியர், ஒரு அதிகாரி. ஊரே வாசலில் நின்றது. பாதிப்பேர் படியிலும் ஏறிவிட்டார்கள். அக்கா ஒரு துளியை வைத்துக் குனிந்தார். நான் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் இரண்டும் மெல்ல இறுகின. இரண்டாவது துளி. மூன்றாவது துளி. அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, உருண்டையாக என்னவோ அசையாமல் கிடக்கிறது, இதற்காகவா இவ்வளவு என்று கேட்டார். பேராசிரியரும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தார். சார், நீங்களும் இதைப் படிப்பீர்கள். அன்று நீங்கள் எதுவும் சொல்லாமல் நிமிர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அக்கா எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார். "இத யாராச்சும் குளிர்ல வச்சீங்களா? ஐஸ்ல, ஃப்ரிட்ஜ்ல, எங்கியாச்சும்?"

அந்தக் கேள்வியில்தான் அப்பாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "நாங்க இன்னாத்துக்குத் தொடப்போறோம்? சரக்கு போவாம நாங்களே பேஜார்ல கீறோம்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் மூன்றாவது படியில் நின்றேன். ஆமாம் என்று தலையை அசைத்திருந்தால் போதும். கீழே வாசலில் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். சுற்றி நின்ற ஒவ்வொருவர் வீட்டிலும் முந்தின நாள் சரக்கு அழுகிக்கொண்டிருந்தது. நான் தலையை அசைக்கவில்லை. கீழிருந்து யாரோ, "தண்ணி டீச்சருக்குத் தண்ணி தெரியலடா மச்சான்" என்றதும் கூட்டம் சிரித்தது. அக்கா அதிகாரியிடம் திரும்பினார். "நான் பாத்தது பாத்ததுதான் சார். இப்ப காட்ட முடியல" என்றார். குரல் உயரவில்லை. புதிதாகத் தண்ணீர் எடுக்க எல்லோரும் கரைக்குப் போனார்கள். இரவில் காற்று திரும்பி, தண்ணீர் பச்சையாகத் தெளிந்து கிடந்தது. அடுத்த நாள் மட்டி வண்டியில் ஏறியது. யாருக்கும் எதுவும் ஆனதாக நான் கேள்விப்படவில்லை. கேட்டுப் பார்க்கவும் இல்லை.

மூன்று நாள் கழித்து அக்கா என்னை மேலே கூப்பிட்டார். ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் குவளை இருந்தது. அந்தப் பாட்டிலில் மிஞ்சியதைச் சுத்தமான கடல்நீரில் விட்டு வெளிச்சத்தில் வைத்திருந்தார். "என்ன தெரியுதுன்னு சொல்லு" என்றார். பார்த்தேன். உருண்டைகள் இல்லை. சுழன்று சுழன்று நீந்திக்கொண்டிருந்தன. உடம்பில் தட்டுகள் இருந்தன. சிலவற்றில் தட்டு மிக மெல்லியதாக, விளிம்புக் கோடுகள் பென்சிலால் இழுத்த மாதிரி இருந்தன. சிலவற்றில் கெட்டியாகி, ஓரங்கள் அகன்றிருந்தன. குவளையின் அடியில் பழைய தட்டுகள் உடைந்த வளையல் துண்டுகள்போலச் சிதறிக் கிடந்தன. எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். திடீரென்று குளிர் பட்டால் அது வெளித்தோலையும் கவசத்தையும் மொத்தமாகக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு மெல்லிய உறையோடு உருண்டையாக ஒடுங்கிவிடும், பொறுக்கிற சூடு திரும்பினால் புதுப்பைகளில் முதலிலிருந்து தட்டுகளைக் கட்டிக்கொள்ளும் என்று சொன்னார். சொல்லிவிட்டுக் குறிப்பேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் உன்னக் கேக்கல. நீயா சொன்னா எழுதிக்குவேன்."

கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன்.

அன்று மாலை அவர் போனில் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. மூன்று நாள் கழித்துக் குவளையில் வளர்ந்ததை அந்த நாளின் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று எதிர்ப்பக்கம் சொல்லியிருக்க வேண்டும். கவசம் ஏன் கழன்றது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை சார் என்று அக்கா சொன்னார். பதில் அவரிடம் இருந்தது. என் முகத்திலேயே அவர் அதைப் படித்திருந்தார். ஆனால் நான் வாயால் சொல்லாததை அவர் எழுதவில்லை. ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார்கள் என்பதை அக்கா அம்மாவிடம் சொல்லும்போது கேட்டேன். மாதக் கடைசியில் அறை வேறு ஆளுக்கு வேண்டும் என்று அப்பா சொன்னார். வேறு ஆள் யாரும் வரவில்லை. இன்றுவரை அறை பூட்டித்தான் கிடக்கிறது.

அதன்பின் ஒரே ஒரு முறை பார்த்தேன். நவம்பரில், திருப்போரூர் பஸ் நிலையத்தில், பள்ளி விட்டு நின்றிருந்தேன். "ஜெயா" என்று யாரோ கூப்பிட்டார்கள். அக்கா இளைத்திருந்தார். இப்போது வேறு ஒருவரின் ஆராய்ச்சிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். என்ன குரூப் என்று கேட்டார். உயிரியலும் கணிதமும் என்றேன். "கணக்கா? துணிச்சல்தான்" என்று சிரித்தார். அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஏன் அப்படிக் கேட்டார் என்று இன்னும் யோசிக்கிறேன். நான், "அக்கா, அந்தப் பாட்டில்" என்று தொடங்கினேன். அவர் கையில் இருந்த பையைக் கீழே வைத்தார். நின்று கேட்கத் தயாரானார். அப்போது எங்கள் ஊர் பஸ் வந்து நின்றது. அதில் எங்கள் ஊர்க்காரர்கள் ஜன்னல் ஜன்னலாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா பையை எடுத்துக்கொண்டார். "போ. விட்டா அடுத்தது ஏழு மணிக்குத்தான். இன்னொரு நாள் சொல்லு" என்றார். ஏறிவிட்டேன்.

இன்னொரு நாள் வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். இவற்றைப் புத்தகத்தில் போடாவிட்டாலும் பரவாயில்லை. அவருடைய களக் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு நேரே எழுதிவிடுங்கள். மாதிரி பாட்டிலை ஐஸில் வைத்தது ஜெயப்பிரியா. மாலை ஆறு மணியிலிருந்து விடியற்காலை நாலரை வரை, கழுத்தளவு ஐஸில் இருந்தது. எடுத்து மேலே வைத்தவர் என் அப்பா. அவர் தெரிந்து செய்யவில்லை. கேட்டபோது தெரிந்தே மறைத்தார், நானும் மறைத்தேன். அதே நாள் மதியம் பாறை மட்டி சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு மாலை ஐந்து மணி முதல் உதடும் விரல் நுனிகளும் மரத்திருந்தன. விடிவதற்குள் சரியானது. அந்தப் பெண் என் அம்மா. அவளிடம் கேட்காமல் எழுதுகிறேன். இந்த மே மாதமும் தண்ணீர் சிவந்தால், யாராவது வந்து சொல்லும்போது எங்கள் ஊர் சிரிக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நான் வாய் திறப்பதற்காக ஒருவர் தன் வேலையையும் பெயரையும் விட்டுக்கொடுத்து மே மாதத்திலிருந்து காத்திருந்தார். ஒருதரமும் அவசரப்படுத்தவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு இனிமேல் நான் சும்மா இருக்க முடியாது.

மணி மூன்றே முக்கால். அப்பா இருமுகிறார். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பப் போகிறேன். அனுப்பியதை அம்மாவின் போனிலிருந்து அழிக்கப் போவதில்லை. நான் எழுதியதில் சந்தேகம் எதுவும் இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அப்பா இருக்கும்போதே வாருங்கள். மூன்றாவது படியில் நின்றுதான் பதில் சொல்வேன்.

ச. ஜெயப்பிரியா